சக்கரக் கப்பலில் கரி தள்ளியவர்

சான்று கண்டவற்றை மட்டுமே இங்கு எழுதுகிறேன். ஒரு பழைய நீராவிக் கப்பலில் பணிசெய்தவரைப் பற்றிய ஒரு பிழையை ஒரு குடும்பம் தலைமுறைகளாக நம்பி வந்தது. அது அச்சேறுமுன் திருத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது.

என்னோடு ஒரே அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் பெங்களூர் விவேக் நகரில் வசிக்கிறார். கிறிஸ்துமசுக்குக் கூடும் உறவினர்க்கு வழங்கக் குடும்ப வரலாற்றைச் சிறு நூலாக்க முனைந்தார். அவருடைய முன்னோர் ஒருவர் ஆங்கிலேயக் கடற்படையின் நீராவிக் கப்பலில் உலைக்குக் கரி தள்ளியவர். ரஷ்யாவோடு நடந்த கருங்கடற் போரில் அவர் குண்டுமழையில் நின்றவர் என்று என்னை எழுதித் தரச் சொன்னார்.

நண்பர் வீட்டிலிருந்த, அந்த முன்னோரின் பணிச்சான்றையும், அயல்நாட்டு ஆவணக் காப்பகத்திலிருந்து வருவித்த கப்பல் நாட்குறிப்பின் படிகளையும் அருகருகே வைத்துப் படித்தேன். மரக்கப்பல், இருபுறமும் துடுப்புச் சக்கரம். முதலில் அஞ்சல் சுமந்தது. போரில், காற்றின்றித் தவித்த பாய்மரப் போர்க்கப்பல்களைக் கோட்டைக்கு எதிரே இழுத்து நிறுத்தியது. பிறகு வங்கக் கடலுக்கு வந்து படைவீரரை ஏற்றி இறக்கியது. முடிவில் உடைப்பதற்கு விற்கப்பட்டது.

நண்பரின் முன்னோர் சேர்ந்த இடம் சென்னை. சேர்ந்த நாள் போர் முடிந்த பிறகு. சான்றோடு யாரோ சேர்த்துத் தைத்திருந்த தாளில் கப்பலின் பணிகள் வரிசையாக இருந்தன. கப்பல் செய்ததையெல்லாம் அவர் செய்ததாகவே வீட்டார் படித்துவிட்டனர்.

நேரில் சென்று சொன்னேன். நண்பர் கேட்டார்:

"அப்போ சண்டைக்கே போகலையா? சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லியாச்சே."

காபி கொண்டுவந்த அவர் மனைவி, "பீரங்கி இல்லாட்டி போகுது அண்ணா. இவரு காலி சிலிண்டரையே மாடிக்குத் தூக்கமாட்டாரு. அவரு கரியாவது தள்ளினாரில்ல?" என்றார்.

நாட்குறிப்பில் அந்த முன்னோரின் பெயர் வரும் ஒரே இடத்தை வாசித்துக் காட்டினேன். வங்கக் கடலில் புயல். கப்பல் சாய்ந்தபோது ஒரு சக்கரம் நீரைவிட்டு எழுந்து காற்றில் சுழன்றது. மற்றது ஆழப் புதைந்தது. அந்த ஆட்டத்தில் நீராவிக் குழாய் பிளந்து அவருடைய இடக்கை வெந்தது. மறுநாள் காலை அவர் மீண்டும் உலைமுன் நின்றதாகவும் எழுதியிருக்கிறது.

நண்பர் அந்தப் படியை வாங்கித் தாமே இருமுறை படித்தார்.

"சண்டைய எடுத்துடுங்க. இதைப் போடுங்க. பெயரோட போடுங்க."

அவ்வாறே எழுதிக் கொடுத்தேன். நூல் அப்படியே அச்சாயிற்று. அந்த முன்னோர் எந்தத் துறைமுகத்தில் கப்பலைவிட்டு இறங்கினார், பெங்களூருக்கு எப்போது வந்தார் என்பவை தெரியவில்லை. கப்பல் விற்கப்பட்டபோது அவர் அதில் பணியில் இருந்தாரா என்பதும் தெரியவில்லை.