கொட்டிவாக்கம் மணலில் இறங்கிய விமானம்

சாந்தோம் ஸ்தனிஸ்லாஸ் விமான மெக்கானிக். 1934இல், பரங்கிமலைப் பக்கம் பறக்கக் கற்றுக்கொடுக்கும் கிளப் ஒன்றில் அவருக்கு வேலை. அங்கே விமானம் ஓட்டக் கற்று அப்போதுதான் லைசென்ஸ் வாங்கியிருந்தார், மயிலாப்பூர் வக்கீல் வீட்டுப் பிள்ளை வேதாந்தம். மற்றவர்கள் மெக்கானிக்கைக் கை தட்டிக் கூப்பிட, வேதாந்தம் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு வெற்றிலை போடுவார். அதனாலேயே ஸ்தனிஸ்லாஸுக்கு அவர்மேல் உயிர்.

அன்று காலை பெட்ரோல் வடிகட்டியில் தண்ணீர் தேங்கியிருந்தது.

"இன்னிக்கு வேணாம் சார். டாங்கியையே காலி பண்ணிப் பாக்கணும்."

"அடையாறுல எனக்கு நிச்சயமான பொண்ணாத்துக்காரா எல்லாரும் மொட்டை மாடியில நின்னுண்டிருப்பா. ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன். நீயும் ஏறு, முன் சீட் காலியாத்தானே இருக்கு?"

நாலு வருஷமாக விமானத்தைத் துடைத்தவர், ஒரு நாளும் அதில் பறந்ததில்லை. ஏறிவிட்டார்.

அடையாற்று முகத்துவாரம் தாண்டித் தெற்கே போகையில் என்ஜின் இருமியது. இரண்டு முறை உதறியது. பிறகு நின்றேபோனது. காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. பதறிப்போன வேதாந்தம் விமானத்தின் மூக்கைத் தூக்கியபடியே வந்த வழிக்குத் திருப்பப் பார்த்தார். வேகம் குறைந்து இறக்கைகள் நடுங்கின.

"திருப்பாத சார்! மூக்கை எறக்கு!" பின் சீட்டுக்குப் போகும் பேசும் குழாயில் கத்திய ஸ்தனிஸ்லாஸ், முன் சீட்டிலும் இருந்த ஓட்டும் ஸ்டிக்கை முன்னுக்குத் தள்ளினார். விமானம் சரிந்து, மறுபடி வேகம் பிடித்தது. "தோ, கடலோரம் ஈர மணல் கீது. நேரா எறக்கு. பெட்ரோலை மூடு, சுவிச்சை அணை!"

வேதாந்தத்துக்கு மறுபடி கை ஓடியது; சொன்னபடியே செய்தார். கொட்டிவாக்கத்து மணலில் விமானம் இடித்து, குதித்து, ஒரு சக்கரம் முறிந்து நின்றது. மீன்காரர்கள் ஓடிவந்தார்கள். வேதாந்தம் ஸ்தனிஸ்லாஸைக் கட்டிக்கொண்டு அழுதார். "ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேண்டா."

மூன்றாம் நாள் கிளப்பை நடத்தும் துரையின் முன் விசாரணை. வேதாந்தம் சொன்னதைக் கதவோரம் நின்றிருந்த ஸ்தனிஸ்லாஸ் தம் காதாலேயே கேட்டார்.

"எல்லாம் சரியா இருக்குன்னு அவன்தான் சொன்னான். என்ஜின் நின்னதும் பயந்துபோய் ஸ்டிக்கை வேற பிடிச்சுண்டான். எப்படியோ நான் சமாளிச்சு இறக்கினேன்."

ஸ்தனிஸ்லாஸ் வாய் திறந்தபோது, துரை கையமர்த்தினார். அன்றே வேலை போயிற்று.

வாசலில் வேதாந்தம் தலை குனிந்து வந்தார். "எனக்கு லைசென்ஸ் போயிடும், கல்யாணம் வேற நின்னுபோயிடும். உனக்கு எங்க போனாலும் வேலை கிடைக்கும்."

"கெடைக்கும் சார். சுவிச்சை அணைன்னு கத்தனவன் பயந்தவனா? அத்த மட்டும் சொல்லாத இருந்திருக்கலாம்."

வேதாந்தம் திரும்பி உள்ளே போனார்.

ஸ்தனிஸ்லாஸுக்குத் தியாகராய நகர் பஸ் ஷெட்டில் வேலை கிடைத்தது. தை மாதம் வேதாந்தத்தின் கல்யாணப் பத்திரிகை வந்தது. மனைவி ஆலிஸ் அதைப் பிரித்து, "உங்க சிநேகிதராச்சே, போவலியா?" என்றாள்.

"யாரு சிநேகிதரு?" என்று கேட்டுவிட்டு, அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குக் கிளம்பினார்.