தோல் பந்தும் கிணற்றடியும்

என்னை வேலைக்கு வைத்தவர்கள் யாரும் என் கையெழுத்தைப் பார்த்ததில்லை, காலைத்தான் பார்த்தார்கள். தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனி, மணியாச்சியில் ரயில்காரர்கள், கடைசியாக அம்பாசமுத்திரத்தில் ஒரு துரையின் பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கி. பேருக்குக் குமாஸ்தா, செய்தது பந்தாட்டம். கால் ஓடும்வரை சோறு.

பாளையங்கோட்டையில் எங்கள் வீடு சைவ வீடு. பந்தோ மாட்டுத்தோல். அதனால் ஊருக்குப் போனால் முன்வாசலில் ஏற முடியாது. சுற்றிப் போய்க் கிணற்றடியில் தலைக்குக் குளித்து, அம்மா நீட்டும் உலர்ந்த வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே நுழையலாம். அப்பாவின் சட்டம் அது. "தோலை உதைச்சு வயித்தைக் கழுவுதான்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். என்னிடம் அவர் பேசி வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரு தடவையாவது என் ஆட்டத்தை அவர் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஒரு நாள் அம்பாசமுத்திரத்தில் ஆட்டத்தின் நடுவே, கோட்டுக்கு வெளியே தாய்மாமா நிற்பதைக் கண்டேன். துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். அப்பாதான் மனம் இளகி அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். மாமா போய் அவரிடம் சொல்ல வேண்டுமே! பேய் பிடித்தவன் போல் ஓடினேன். கோல் போட்டுவிட்டு மாமா பக்கம் திரும்பிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் சுபாவமே அப்படி என்று விட்டுவிட்டேன், மடையன்.

ஆட்டம் முடிந்ததும் ஓடிப்போய், "மாமா, அப்பாவா அனுப்பினாக?" என்றேன்.

"அப்பா காலையில போயிட்டாகய்யா. வந்தவுடனே உன்கிட்ட சொல்லத்தான் பார்த்தேன். ஆட்டம் முடியட்டும் அண்ணாச்சின்னு உங்க கிட்டங்கிக் கணக்கப்பிள்ளை கையைப் பிடிச்சு நிறுத்திட்டான். துட்டிச் சேதியை கூட்டத்துல கத்தவா முடியும்?"

சாயங்கால ரயில் போய்விட்டது. மாட்டுவண்டி பிடித்து ஊர் சேர்ந்தபோது விடிந்திருந்தது. பிணம் ராத்தங்கக் கூடாதென்று, முந்தின நாள் பொழுது சாயுமுன்பே ஆற்றங்கரையில் தம்பி கொள்ளி வைத்துவிட்டான். மூத்தவன் நான் அந்நேரம் கோல் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பழக்க தோஷம், சுற்றிப் போய்க் கிணற்றில் வாளியை இறக்கினேன். அம்மா பின்வாசலுக்கு வந்தாள். கையில் வேட்டி இல்லை.

"நேத்து விடியக்காலம் மூச்சு வாங்கயில உன்னத்தான் தேடினாகய்யா" என்றாள். "'அவன் வந்தா குளிக்கச் சொல்லாத. அப்படியே உள்ள கூட்டியா'ன்னாக."

கயிற்றை நான் இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. அப்படியே நின்று அழுதேன்.