படம் வராத இடத்தில் ஒரு வரி

பிள்ளையார்பாளையத்தில் ரவிக்கை தைக்கும் நான் வெப் பேஜ் செய்யக் கற்றதற்கு என் நாத்தனார்தான் காரணம். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பெண்களுக்கென்று மத்தியான வகுப்பு தொடங்கியபோது, என்னைக் கேட்காமலே என் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தாள்.

"எனக்கு மவுஸ் புடிக்கவே தெரியாதும்மா" என்றேன்.

"கத்தரிக்கோல் புடிக்கிறீங்க இல்ல அண்ணி, அதைவிடவா கஷ்டம்?"

வகுப்பில் இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். நான் சொல்வேன், அவள் தட்டுவாள். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். எழுத்துக்கு முன்னும் பின்னும் போடும் குறிதான் டேக், திறந்த டேகை மூடியே ஆக வேண்டும் என்று முதல் நாளே கறாராகச் சொன்னாள். நாங்கள் தலைப்பு டேகை மூட மறந்தோம். என் தையல் கடைக்காகச் செய்த பக்கத்தில் கடையின் பெயரிலிருந்து, அளவு ரவிக்கை கொண்டுவரச் சொல்லும் வரி வரைக்கும் எல்லாம் கொட்டை எழுத்தில் நின்றது.

"என்னாத்துக்கு அண்ணி இப்படிக் கத்துறீங்க? பக்கத்து வூட்டுல தறி ஓடுதா?" என்றாள் நாத்தனார். வகுப்பே சிரித்தது.

மூன்றாவது வாரம் படம் வைக்கக் கற்றோம். நான் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பதை அவள் போனில் எடுத்திருந்தாள். படத்தோடு ஒரு வரியும் எழுத வேண்டுமாம். ஏதாவது காரணத்தால் படம் வராவிட்டால் அந்த இடத்தில் அந்த வரி தெரியுமாம். "எதையாவது எழுதும்மா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது படம் பளிச்சென்று தெரிந்தது. வரியைப் பற்றி நான் கேட்கவில்லை.

கடைசி வாரம் பக்கத்தை இணையத்தில் ஏற்றினோம். பெருமை தாங்காமல், என்னிடம் தைக்கக் கொடுக்கும் அத்தனை பேருக்கும் வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினேன். அனுப்பும் முன் ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாம்.

மறுநாள் காலை தாமலிலிருந்து ஒரு அம்மா, மகளோடும் கல்யாண ரவிக்கைத் துணியோடும் வந்தார். வாசலில் நின்று என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"உள்ள வரலாமாம்மா? கோவமா இருக்கீங்களா?"

"எனக்கு என்னா கோவம்?"

அவர் போனை நீட்டினார். படம் இருக்க வேண்டிய இடத்தில் கிழிந்த காகிதம் போல ஒரு சின்னக் குறி. அதன் பக்கத்தில், 'அண்ணி முறைச்சிக்கினு இருக்காங்க.'

மகளுக்கு அளவெடுத்தபோது டேப்பைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன். அவள்தான் திருப்பிக் கொடுத்தாள். அவர்கள் போனதும் கதவைப் பூட்டிக்கொண்டு நேராக மருந்துக்கடைக்குப் போனேன்.

"படம்தான் வந்துக்கினு இருந்துச்சே அண்ணி" என்றாள் நாத்தனார், யாருக்கோ மாத்திரை எண்ணிக்கொண்டே. "யார் கண்ணுல படப்போவுதுன்னு சும்மா டைப் பண்ணேன்."

"இப்போ ஊருக்கே தெரியுது."

"அப்போ ஊரே நம்ம பேஜைத் தொறந்து பாத்திருக்குது."

நான்கு நாளாவது பேசாமல் இருப்பது என்று முடிவு செய்துதான் போயிருந்தேன். அந்த இடத்திலேயே சிரித்துவிட்டேன். மாத்திரை வாங்க வந்தவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மத்தியானம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் பெண் கோளாறைக் கண்டுபிடித்தாள். படத்தின் ஃபைல் பெயரில் முதல் எழுத்து இங்கிலீஷ் பெரிய பி. நாங்கள் பக்கத்தில் எழுதியிருந்தது சின்ன பி. வகுப்புக் கம்ப்யூட்டர் அதைப் பொறுத்துக்கொண்டதாம், இணையத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் பொறுக்காதாம். ஓர் எழுத்தை மாற்றியதும் படம் வந்துவிட்டது. முறைக்கிற வரியை அழித்துவிட்டு 'தையல் கடை' என்று நானே ஒற்றை விரலால் தட்டினேன். வெகுநேரம் ஆனது. நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக இருந்தாள், அதுவே பெரிய விஷயம்.

இப்போது அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு ஒரு பக்கம் செய்துகொண்டிருக்கிறோம். பின்னணி பச்சையா நீலமா என்று எங்களுக்குள் ஒரு வாரமாக வழக்கு ஓடுகிறது. கடை முதலாளியிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.