முகத்துவாரத்தில் வீசிய கயிறு

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு விஜயதசமி காலை. புதுச்சேரி தேங்காய்த்திட்டுப் பக்கம், ஆறு கடலில் சேரும் முகத்துவாரம். படகில் நான், என் மனைவி, தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அவள் தம்பி. மூவருக்கும் நீச்சல் தெரியாது. படகு வைத்துக்கொள்ள அது ஒரு தடை என்று எங்களுக்கு ஏனோ தோன்றவில்லை.

பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்ற உறவினர் ஒருவர் விட்டுப்போன படகு அது. பெட்ரோல் எஞ்சின் அதன் வயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு ஒரு கணம் முன்பாகத் தீப்பொறி பறக்க வேண்டும். பிந்தினால் எஞ்சின் கொதிக்கும், இழுக்காது. அதைச் சரிபார்க்க, முன்பக்கச் சக்கரத்தில் ஒரு வெட்டும், அதன்மேல் வெள்ளைப் புள்ளியும் உண்டு. டைமிங் லைட்டை மின்ன விட்டால், சுற்றும் சக்கரத்தில் அந்தப் புள்ளி மட்டும் நின்றாற்போலத் தெரியும். தீப்பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, புள்ளியை எஞ்சினில் பொருத்திய முள்ளுக்கு நேரே கொண்டுவர வேண்டும். இவ்வளவையும் படித்துத் தெரிந்துகொண்டவன் கையில் விளக்கும் கிடைத்தால் சும்மா இருப்பானா? கிளம்புமுன் அடித்துப் பார்த்தேன். புள்ளி கொஞ்சம் தள்ளி நின்றது. நேராக்கி, போல்ட்டை முடுக்கினேன். எஞ்சின் மந்தமாகத்தான் ஓடியது. வயதாகிவிட்டது, பாவம் என்று நானே அதற்கு வக்காலத்து வாங்கினேன்.

ஆற்றுக்குள் ஒழுங்காக வந்தது. முகத்துவாரத்தில் அலை எதிர்த்ததும் இருமி, புகைக்குழாயில் படாரென்று வெடித்து, நின்றுவிட்டது. போட்ட நங்கூரம் மணலில் பிடிக்காமல் உழுதுகொண்டே வந்தது. அலை எங்களைக் கருங்கல் தடுப்பை நோக்கித் தள்ளியது.

"மாமா, கல்லு கிட்ட வருது!" என்றான் மச்சான்.

"கல்லு எங்கடா வருது? நாமதான் போறோம்" என்றாள் மனைவி.

அப்போதுதான் கடலிலிருந்து திரும்பிய ஃபைபர் படகு ஒன்று எங்களை நோக்கி வளைந்தது. "இன்னா சார், மண்டைய போட்டுச்சா?" என்று கேட்டபடியே அதிலிருந்த பெரியவர் கயிற்றை வீசினார். "உங்களுது கனம். இத்தினூண்டு இஞ்சின வெச்சிகினு இழுக்க முடியாது, புடிச்சிகினு நிக்கலாம். பெட்ரோல் இஞ்சின்லாம் எனக்குத் தெரியாது. நீ பாரு."

கயிறு விறைத்தது. அவருடைய கூட்டாளி, "அண்ணே, மீனு வெயில்ல காயுது, ஏலம் முடிஞ்சிடும்" என்றார்.

"மீனு செத்து ரொம்ப நேரம் ஆவுதுடா. இவுங்க இன்னும் சாவல."

எங்களை உற்சாகப்படுத்தத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன். எஞ்சினைத் திறந்து, தெறித்திருந்த நீரைத் துண்டால் துடைத்தேன். வெள்ளைப் புள்ளி துண்டோடு வந்துவிட்டது. முகர்ந்தேன். சந்தனம்.

"நேத்து ஆயுத பூசைக்கு நான்தான் மாமா பெட்ரோல் ஊத்திக் கழுவிப் பொட்டு வெச்சேன்" என்றான் மச்சான்.

"குங்குமம் எங்கடா? அது இருந்தா பொட்டுன்னு தெரிஞ்சிருக்குமே" என்றேன்.

"தீந்துபோச்சி."

கழுவியதில் பெயிண்ட் போயிருந்தது. அசல் வெட்டு இரண்டு விரல் தள்ளி இருந்தது. பூசைப் பொட்டை வைத்து டைமிங் பிடித்த ஒரே மெக்கானிக் அநேகமாக நான்தான். மனைவி என்னைப் பார்த்தாள். போல்ட்டைத் தளர்த்தினேன், அவள் சாவியைத் திருகினாள். காதை மட்டும் நம்பி டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பினேன். வெடித்தது, திணறியது, பிறகு ஒரே சீராக உறுமியது.

கயிற்றை விடலாம் என்று கையைக் காட்டினேன். பெரியவர் கயிற்றை விடவில்லை. "கல்லத் தாண்டு மொதல்ல" என்று கூடவே வந்தார். ஆற்றுக்குள் அமைதியான நீரில் நுழைந்த பிறகுதான் அவிழ்த்தார். நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள், "அடுத்த தபா குங்குமத்தோட வை சார்!" என்று சிரித்துவிட்டு ஏலத்துக்கு விரைந்தார். பெட்டியில் இருந்த மீனின் மினுமினுப்பு மங்கியிருந்ததைப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் ஸ்கூட்டர் நின்றுபோனால் பத்துப் பேர் யோசனை சொல்வார்கள். நானே அதில் முதல் ஆள். அவர் ஒரு யோசனையும் சொல்லவில்லை. என் தவற்றை நானே கண்டுபிடித்துத் திருத்தும் வரை என்னைக் கல்லில் மோதவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படி நிற்க முன்பின் தெரியாத ஒருவர் இருந்தார் என்று நினைக்கும்போது, கிண்டலே தொழிலான எனக்கும் இன்று வரை கிண்டல் வருவதில்லை.