நல்லரத்தினத்தின் வெற்றுச் சீடி

வாழைச்சேனையில் என் தையல்கடைக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவர் நல்லரத்தினம். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வரும் பிள்ளைகள் சிரித்தால் எரிந்து விழுவார். "வாய மூடு. பல்லுத் தெரிஞ்சா அட்டை குடுக்கிற கந்தோரில திருப்பி அனுப்புவாங்க" என்பார். படம் எடுக்கிறாரா பல் பிடுங்குகிறாரா என்று நாங்கள் கேலி பண்ணுவோம்.

ராணுவத்தின் சுற்றிவளைப்பு வரப்போகிறது என்று காதில் விழுந்தால், கணினியில் இருக்கும் பிள்ளைகளின் படங்களையெல்லாம் சீடியில் பதிந்து அரிசிப் பானைக்குள் புதைப்பார். பிறகு கணினியில் அழிப்பார். யாருடைய முகத்தால் யாருக்கு வில்லங்கம் வரும் என்று யார் கண்டது? எல்லாம் அடங்கியதும் திரும்ப ஏற்றிவிடுவார். இரண்டாயிரத்து ஒன்பதில், சண்டை முடிந்து ஒரு மாதத்திலும் அப்படித்தான் பதிந்து, அழித்தார். சீடியைத் திறந்து சரிபார்க்கவில்லை.

மூன்றாம் நாள் வாகரையிலிருந்து மங்கையற்கரசி வந்தார். சுனாமியில் வீட்டோடு மகள் பிரஷாந்தியையும் பறிகொடுத்தவர். பிள்ளையின் ஒரு படம்கூட அவரிடம் மிஞ்சவில்லை. கடல் வருவதற்கு முந்திய கிழமை மகள் இங்கே படம் எடுத்ததை, இடம்பெயர்ந்து திரும்பிய சிநேகிதி இப்போதுதான் சொன்னாளாம்.

நல்லரத்தினம் சீடியைப் போட்டார். ஒன்றுமே பதியவில்லை. அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. கணினியை உடனே நிறுத்தினார். புதிதாக ஏதும் பதிந்தால் அழிந்த படத்தின் மேலேயே போய் உட்கார்ந்துவிடும் என்றார். ஹாட் டிஸ்கைக் கழற்றி, ஓட்டமாவடியில் கணினி திருத்தும் ஹலீமின் கடைக்குக் கொண்டுபோனார். நானும் மங்கையற்கரசியும் கூடவே போனோம்.

ஆயிரத்துச் சொச்சம் முகங்கள் மீண்டு வந்தன, பெயரில்லாமல், வெறும் எண்களோடு. ஹலீம் ஒவ்வொன்றாகத் திறந்தான். கடலில் போனவர்கள், இயக்கத்துக்குப் போனவர்கள், எங்கே போனார்கள் என்றே தெரியாதவர்கள். எல்லோரும் வாயை மூடியிருந்தார்கள். பாதிப் பேரை எனக்குத் தெரியும். ஆனாலும் மனதில் ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு மங்கையற்கரசி "நில்லுங்க" என்றார். நெற்றி, பொட்டு, இரண்டு கண்கள். மூக்குக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். இதற்கு மேல் மீளாது என்றான் ஹலீம்.

அந்தத் தாய் அழவில்லை. திரையில் அந்தச் சாம்பல் நிறத்தைத் தொட்டுக்கொண்டு நல்லரத்தினத்தின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, புள்ள சிரிச்சவளா?"

நல்லரத்தினத்துக்கு அந்தப் பிள்ளையைத் துளியும் நினைவில்லை. அதைப் பிறகுதான் என்னிடம் சொன்னார்.

"சிரிச்சவ அக்கா," என்றார். "வாய மூடு எண்டு ரெண்டு தரம் ஏசினன். கேக்கல்ல."