கல்வி அலுமாரியில் ஒரு யப்பான் பள்ளிக்கூடம்

டிவிடி வாடகைக் கடையில் வேலைக்கு நின்றவர்களுக்குத் தெரியும்: வருகிறவருக்குத் தான் என்ன தேடி வந்தேன் என்று தெரியாது, ஆனால் அது எங்களுக்கும் தெரியாது என்றால் கோபம் வந்துவிடும்.

நான் 2012ஆம் ஆண்டு கிளேட்டன் என்கிற ஊரில் அப்படி ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி கொஸ்தா என்று ஒரு கிரேக்கர். காலை ஒன்பதரையிலிருந்து இரண்டரை வரை வேலை. இரண்டே முக்காலுக்கு மகள் துளசியைச் சைல்ட்கெயார் என்கிற பிள்ளைக் காப்பகத்திலிருந்து கூட்டிவர வேண்டும். அவளுக்கு அப்போது மூன்று வயது.

மூன்று மாதம் பார்ப்போம் என்றுதான் கொஸ்தா என்னை எடுத்தார். இது போனால் எனக்கு மிஞ்சுவது கோழித் தொழிற்சாலை. அங்கே விடிய ஐந்து மணிக்கு வேலை தொடங்கும். அந்த நேரத்தில் பிள்ளையைப் பொறுப்பெடுக்க ஒரு கதவும் திறக்காது. என் கணவர் இரவு வேலை முடித்து வீட்டுக்கு வருவதே ஆறரைக்கு. ஆகவே கடை இல்லாவிட்டால் வீடுதான். ஒற்றை அறை. பகல் முழுக்க அவர் நித்திரை, நானும் பிள்ளையும் கால் நுனியில் நடந்துகொண்டு, குசுகுசுத்துக்கொண்டு. உங்களில் எத்தனை பேர் அப்படி இருந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கையை உயர்த்தத் தேவையில்லை.

எனக்கிருந்த வியாதி வெட்கம். தமிழிலேயே நாலு பேருக்கு முன்னால் கதைக்க மாட்டேன், இங்கிலிசில் எங்கே கதைப்பது? படித்ததும் எட்டாம் வகுப்பு மட்டும். அதனால் வாய் தேவையில்லாத வேலைகளை விழுந்து விழுந்து செய்வேன். பெட்டிகளைத் துடைப்பேன். துடைத்ததைத் திரும்பவும் துடைப்பேன். மணிக்கூட்டைப் பார்ப்பேன். பிறகு அடுக்கினதைக் கலைத்து அடுக்குவேன். கால் ஓரிடத்தில் நிற்காது. கூட வேலை செய்த மேகன், பல்கலைக்கழகத்தில் படிக்கிற வெள்ளைக்காரப் பிள்ளை, ஒருநாள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இந்தக் கடைக்குள் நீ நடந்த தூரத்துக்கு இதுவரையில் சிட்னிக்கே போய்ச் சேர்ந்திருப்பாய்."

தலையாட்டல்

சேர்ந்த புதிதில் யார் எதைக் கேட்டாலும் தலையாட்டுவேன். அதுவும் எங்கள் ஆட்டல், ஓமா இல்லையா என்று எனக்கே தெரியாத ஆட்டல். ஒருநாள் காற்சட்டை முழுக்கப் பெயின்ற் தெறித்த ஒரு மனிதர் வந்தார். வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிறவர். கையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு "இது நல்லதா?" என்றார். ஆட்டினேன். "சின்னப் பிள்ளை பார்க்கலாமா?" என்றார். ஆட்டினேன். "பயமாக இருக்காதே?" என்றார். அதற்கும் ஆட்டினேன். பெட்டியில் ஒரு பொம்மை சிரித்துக்கொண்டிருந்தது. பொம்மைப்படம் என்று நினைத்தேன்.

நாலு நாள் கழித்து அந்த மனிதர் திரும்பி வந்தார். நான் பின் அலுமாரிக்குப் போய் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன், அவர் விடவில்லை. கோபப்படவும் இல்லை. பெட்டியை மெதுவாகக் கவுண்டரில் வைத்தார். சிரித்த பொம்மையை முகம் தெரியாமல் கவிழ்த்து வைத்தார். பிறகு சொன்னார்: "நீங்கள் தலையாட்டிய படத்தைப் பார்த்த நாளிலிருந்து என் மகன் எங்கள் கட்டிலில்தான் படுக்கிறான், நான் சோபாவில் படுக்கிறேன்."

உன் வாயால் ஒன்று

இதைக் கேட்டுக்கொண்டு நின்ற கொஸ்தா அன்றைக்கே என்னைக் கூப்பிட்டார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. கடை இப்படித் துப்புரவாக ஒருநாளும் இருந்ததில்லை என்றார். ஆனால் இந்தக் காலத்தில் படம் வேண்டுமென்றால் சனம் வீட்டிலேயே கொம்பியூட்டரில் பார்க்கலாமாம். கடை வரைக்கும் நடந்து வருவது யாராவது ஒரு ஆள் "இதைப் பார்" என்று சொல்வதற்குத்தானாம். அதனால் மூன்று மாதம் முடிவதற்குள் ஒரேயொரு படத்தையாவது ஒரு ஆளுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டும், அவர் காது கேட்க.

நான் தலையாட்டினேன். கொஸ்தா கையால் என் தலையைக் காட்டிச் சொன்னார்: "தலையால் இல்லை, வாயால்."

எது எங்கே

அடுத்த கிழமை புதுப் பெட்டிகள் வந்தன. எது எந்த இடமோ அங்கே வை என்று சொல்லிவிட்டுக் கொஸ்தா போய்விட்டார். மேகனும் இல்லை. அதில் ஒன்று யப்பானிலிருந்து வந்த தொடர். அட்டையில் கையால் கீறின படம்: சீருடை போட்ட நாலு பெண் பிள்ளைகள், கழுத்தில் ரை, தோளில் புத்தகப்பை, பின்னால் கரும்பலகை. எங்கள் ஆட்கள் யாரிடமும் அந்த அட்டையைக் கொடுத்து எங்கே வைப்பது என்று கேட்டுப் பாருங்கள். நான் கல்வி அலுமாரியில் வைத்தேன், வாய்ப்பாட்டுப் படத்துக்கும் எரிமலைப் படத்துக்கும் நடுவில்.

அன்றைக்கே விமலா அன்ரி வந்தார். கடைக்குப் பின்தெருவில் இருக்கிறவர். கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தெரிந்தெடுக்கிற பள்ளிக்கூடச் சோதனைக்கு மகனை ஆயத்தப்படுத்துகிறார். பெடியனுக்குக் கிழமைக்கு நாலு ரியூசன். "படிப்புக்கு உதவுற மாதிரி ஏதும் இருக்கோ பிள்ளை?" என்று தமிழில் கேட்டார். தமிழ் என்றதும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"ஓம் அன்ரி, புதுசா ஒண்டு வந்திருக்கு. யப்பான் பள்ளிக்கூடம்."

"யப்பானோ? அவங்கள் கணக்கில சூரர் எல்லோ!"

"ஓம் அன்ரி. ரை எல்லாம் கட்டி இருக்குதுகள்."

அன்ரி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் என் வாயால் ஒரு படத்தை எடுத்துச் சொல்லிவிட்டேன், கேட்கத்தான் கொஸ்தா இல்லை. போகும்போது அன்ரி என் கையைப் பிடித்துச் சொன்னார்: "உப்பிடியான சாமானை மூலைக்குள்ள ஒளிச்சு வையாம, முன்னுக்கு வை பிள்ளை."

கொப்பியோடு இருந்த அன்ரி

ஐந்தாம் நாள் அன்ரி திரும்பி வந்தார். கதவு திறந்த விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"என்னடி பிள்ளை இது? வகுப்புக்குள்ளால ரயில் போகுது!"

"ரயிலோ அன்ரி?"

"ரயில்தான். பிள்ளையள் எல்லாம் காலைத் தூக்கிப்போட்டு எழுதிக்கொண்டிருக்குதுகள். ரயில் போன பிறகு காலைக் கீழ வைக்குதுகள். ரீச்சர் ஏனெண்டும் கேக்கேல்லை. பள்ளிக்கூட அதிபரின்ர அறைக்குள்ள மட்டும் மழை பெய்யுது, அந்தாள் குடையைப் பிடிச்சுக்கொண்டு கையெழுத்து வைக்குது. ஒருத்தியின்ர அழிறப்பர் உருண்டு போச்சுதெண்டு ஊர் முழுக்கத் துரத்துதுகள்!"

மகன் சிரித்துச் சிரித்துக் கதிரையால் விழுந்துவிட்டானாம். இப்போது சாப்பாட்டு மேசையில் அன்ரி கறிச் சட்டியோடு வந்தால் காலைத் தூக்குகிறானாம். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அன்ரியின் முகம் அதற்கு இடம் தரவில்லை. பெட்டியைக் கவுண்டரில் வைத்துவிட்டு, முதலாளி எப்போது வருவார் என்று கேட்டார். வியாழக்கிழமை என்றேன். அதோடுதான் என் மூன்று மாதமும் முடிகிறது என்பதைச் சொல்லவில்லை.

"மடியில கணக்கு எழுதக் கொப்பியை வைச்சுக்கொண்டு எட்டுப் பாகமும் பாத்தனான் பிள்ளை, ஒருத்தரும் ஒரு கணக்குச் செய்யேல்லை. வியாழக்கிழமை வந்து அவரோடயே கதைக்கிறன், போயிட்டு வாறன்."

ரயில் போகிற வகுப்பறை

அடுத்த நாள் கடை திறப்பதற்கு முன்னமே போய், கடை ரீவியில் அதைப் போட்டேன். என்ன குற்றம் செய்தேன் என்றாவது தெரிய வேண்டாமா? கதைப்பது யப்பான் மொழி. கீழே ஓடுகிற இங்கிலிசு, நான் முதல் சொல்லை வாசிக்க முன்னம் போய்விடும். அதனால் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தேன்.

ரயில் வந்தது. பிள்ளைகள் காலைத் தூக்கினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் படித்தது போர் நடந்த வன்னியில், தகரக் கொட்டிலில். குண்டு போடுகிற கிபிர் விமானத்தின் சத்தம் கேட்டால் எல்லோரும் ஓடிப்போய்ப் பதுங்குகுழிக்குள் இறங்குவோம். சத்தம் போனதும் ஏறி வந்து, மண்ணைத் தட்டிவிட்டு இருப்போம். கணக்கு ரீச்சர் கையில் வைத்திருந்த அதே வெண்கட்டியால், விட்ட இடத்திலிருந்து எழுதுவார். யாரும் ஏனென்று கேட்டதில்லை. எட்டாம் வகுப்பில் ஒருநாள் ஏறி வந்தபோது, திரும்பி இருப்பதற்குக் கொட்டில் இல்லை. அவ்வளவுதான் என் படிப்பு.

மேகன் வந்தது எனக்குத் தெரியவில்லை. பின்னால் நின்று பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்போதுதான் இது பகிடித் தொடர், கல்வி அலுமாரிக்குப் போகிற சாமானே இல்லை என்று எனக்கு விளங்கியது. பெட்டியைத் தூக்கிப் பகிடி அலுமாரியில் வைத்தேன். வியாழக்கிழமை அன்ரி கொஸ்தாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கல்வி அலுமாரிக்கு முன்னால் நிற்கும்போது அது அங்கே இல்லாவிட்டால், ஒளித்தது போல் ஆகிவிடுமே என்று திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். திரும்பவும் மாற்றினேன். வியாழன் வரைக்கும் இருந்த அந்த இரண்டு நாளும் பெட்டிக்கும் ஓய்வில்லை, எனக்கும் ஓய்வில்லை. கடைசியில் வாய்ப்பாட்டுக்கும் எரிமலைக்கும் நடுவிலேயே விட்டுவிட்டேன்.

அன்று காலை மேகன் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னது மட்டும் மனதில் நின்றது: "இதில் எனக்குப் பிடித்ததே, இப்படி ஒன்று உலகத்தில் எங்கேயும் நடக்காது என்பதுதான்."

வியாழக்கிழமை

கொஸ்தா காலையிலேயே வந்து பின்மேசையில் இருந்துவிட்டார். பத்து மணி, பதினொரு மணி, பன்னிரண்டு மணி. வந்தவர்கள் எல்லோரும் தாங்களே எடுத்துக்கொண்டு போனார்கள். நான் துடைத்தேன். இரண்டு மணிக்குக் கதவு திறந்தது. அன்ரிதான் என்று நினைத்துத் துணியைக் கீழே போட்டுவிட்டேன். வந்தது பெயின்ற்காரர்.

"மகன் சிரிக்க வேண்டும், பயப்படக் கூடாது," என்றார். "தயவுசெய்து தலையாட்டாமல் சொல்லுங்கள்."

கொஸ்தா பேனையைக் கீழே வைத்தார். அந்த நேரம் பார்த்துக் கதவு திரும்பவும் திறந்தது. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விமலா அன்ரி.

நான் கல்வி அலுமாரிக்குப் போய்ப் பெட்டியை எடுத்தேன். வரும் வழியிலேயே இங்கிலிசு முழுக்கப் போய்விட்டது. "ஸ்கூல்," என்றேன். "ட்ரெயின்," என்றேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. மூன்று பேரின் கண்ணும் என்மேல். மேல்தட்டுக்கு ஏறுகிற ஸ்டூல் பக்கத்தில் இருந்தது. என்ன நினைத்தேனோ, இழுத்து நடுக் கடையில் போட்டு அதில் இருந்தேன். இடக்கையில் பெட்டி. வலக்கையால் காற்றில் எழுதினேன். பிறகு இரண்டு காலையும் தூக்கினேன். ரயில் போகப் போகத் தலையைத் திருப்பினேன். எழுதுகிறதை விடவில்லை. ரயிலின் கடைசிப் பெட்டியும் போன பிறகு காலைக் கீழே வைத்தேன். அதோடு வாயும் வந்துவிட்டது: "பிரச்சினை வரும். காலைத் தூக்குவினம். போயிடும். திருப்பிப் படிப்பினம்." அந்தக் கடையில் நான் இங்கிலிசில் சொன்ன முதல் நாலு வசனம் அதுதான், பிழையும் சரியுமாக.

பெயின்ற்காரர் சிரித்தார், கடை அதிரச் சிரித்தார். பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்ரி நேரே கொஸ்தாவிடம் போனார். அலுமாரியைக் காட்டினார். அதில் எழுதியிருப்பது கல்வி, பெட்டிக்குள் கல்வி இல்லை, இது என்ன நியாயம் என்று நல்ல இங்கிலிசில் கேட்டார். கொஸ்தா எழுந்து வந்து, வாய்ப்பாட்டுக்கும் எரிமலைக்கும் நடுவில் இருந்த வெறும் இடத்தைப் பார்த்தார். "இதை யார் இங்கே வைத்தது?" என்றார். நான் வகுப்பில் போலக் கையை உயர்த்தினேன்.

"இரண்டு வருடமாக இந்த அலுமாரியிலிருந்து யாரும் ஒன்றும் எடுத்ததில்லை," என்றார் கொஸ்தா, அன்ரியிடம். "இப்போது நீங்கள் எடுத்தீர்கள், அவரும் எடுத்தார். அது இங்கேயே இருக்கட்டும்."

அன்ரி கைப்பையைத் தோளில் மாட்டினார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி என் காதுக்குள் குனிந்தார். "இந்தத் தொடரின்ர அடுத்த பெட்டி வந்தா எனக்குச் சொல்லு. பெடியனுக்குச் சொல்லிப் போடாத, அவனுக்குச் சோதனை."

இரண்டரை ஆகிவிட்டது. துளசி வாசலில் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் பையை எடுத்துக்கொண்டு, கேட்கவும் முடியாமல் போகவும் முடியாமல் ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றேன். கொஸ்தா ஸ்டூலைத் தூக்கி அதன் இடத்தில் வைத்துவிட்டுச் சொன்னார்: "மூன்று மாதமாக உன் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தேன், நீ காலால் கதைப்பாய் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. திங்கட்கிழமை நேரத்துக்கு வா."

எட்டாம் வகுப்போடு நின்ற என்னை வேலையில் நிற்க வைத்தது, ஒருத்தரும் ஒரு கணக்கும் செய்யாத அந்தப் பள்ளிக்கூடம்தான்.