மூன்று துளைகளில் சந்தனம்

“இனி மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆம்ப்ளிஃபையரின் மூடியைத் திறக்க மாட்டேன். என் கவனக்குறைவால் எனக்கோ அந்தப் பெட்டிக்கோ மறுபடி கேடு வந்தால், பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட எனக்கு ஆட்சேபணை இல்லை.”

இந்த உறுதிமொழி ஆடி மாதத்துப் புதன்கிழமை ஒன்றின் நாட்காட்டித் தாளுக்குப் பின்பக்கம் என் கையெழுத்தில் இருக்கிறது. வாசகம் என் மனைவியுடையது. தேதியைத் தனியாகக் குறிக்க வேண்டியிருக்கவில்லை. முன்பக்கத்தில் அச்சாகியே இருந்தது. அங்கேயே என் ராசிக்கு அன்றைய பலன் ‘நிம்மதி’ என்றும் இருந்தது. சாட்சிக் கையெழுத்து, கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் பாயுடையது. எனக்குச் சால்டரிங் அயர்ன் விற்ற குற்றத்துக்காக அவரைப் போனில் பிடித்துக் கச்சிராயபாளையத்தில் இருக்கும் எங்கள் வீடு வரை வரவழைத்திருந்தாள்.

பெட்டி பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர், கண்ணாடிக் குழல்கள் சூடேறிப் பாடும் வகை. கல்வராயன் மலைத் திருவிழாக்களுக்கு மைக் செட் கொண்டுபோகிறவர் ஒருவர் எனக்கு விற்றது. “மேல ஏத்துறதுக்குள்ள இடுப்பு போயிடுது சார், எறக்குறதுக்குள்ள முட்டி போயிடுது” என்று விற்கும்போதே காரணத்தையும் சொல்லிவிட்டார். நான் அதை முன்னறையில் வைத்துப் பாட்டுக் கேட்டேன். என் குறிப்பேட்டில் அதற்குப் பெயர் ஆராய்ச்சி.

இதில் பயாஸ் என்று ஒன்று உண்டு. வால்வு சும்மா இருக்கும்போது எவ்வளவு கரன்ட் குடிக்கலாம் என்று நாம் வைக்கும் வரம்பு அது. குறைத்து வைத்தால் பாட்டு கரகரக்கும். கூட்டி வைத்தால் உள்ளே இருக்கும் தகடு பழுத்துச் சிவந்து வால்வு செத்துவிடும். ஊரில் கரும்புக்கு மோட்டார் ஓட ஆரம்பித்தால் எங்கள் வீட்டு பல்பு மஞ்சளாகும். மோட்டார் நின்றால் கண் கூசும். ஆகவே பதினைந்து நாளுக்கு ஒருமுறை பயாஸைப் பார்த்துச் சரிசெய்வது என் வழக்கம். அந்தத் திருகு பெட்டிக்குள்ளே இருந்தது. அதற்கு அடுத்து நானூறு வோல்ட்டும் இருந்தது.

இப்படிப்பட்ட பெட்டியில் கைவைக்கும்போது ஒரு கையைப் பையில் வைத்துக்கொள் என்பது நான் படித்த எல்லாப் புத்தகங்களிலும் வரும் விதி. அவற்றை எழுதியவர்களில் ஒருவர்கூட லுங்கி கட்டுபவர் இல்லை. பை இல்லாததால் இடக்கையை இடுப்பு மடிப்பில் செருகியிருந்தேன். மடிப்பு அவிழ்ந்தது. கை லுங்கியைப் பிடிக்கப் பாய்ந்தது. மானம் காக்கப் போன வேகத்தில் முழங்கை பெட்டியில் பட்டு ஷாக் அடித்தது. அப்போது நேரம் நான்கு பத்து. குறித்து வைத்திருக்கிறேன். எறியப்பட்ட ஸ்க்ரூடிரைவர் பீரோவுக்கு அடியில் கிடைத்த நேரத்தையும் குறித்திருக்கிறேன்.

உறுதிமொழியில் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, காபியை ஆற்றிக்கொண்டே பாய் சொன்னார்: “மூடியத் தொறந்தாதான சார் பிரச்சன? தொறக்காமயே பாக்குற மாதிரி பண்ணிக்கினா?”

“பாய், நீங்க சாட்சிக்கு வந்தீங்களா, யாவாரத்துக்கு வந்தீங்களா?” என்றாள் மனைவி.

“ரெண்டுக்குந்தாம்மா. பஸ்சு ஒண்ணுதான?”

திட்டம் எளிது. ஒவ்வொரு வால்வின் காலடியிலும் ஒரு பத்து ஓம் ரெசிஸ்டர். அங்கிருந்து ஒயர் இழுத்துப் பெட்டியின் பின்பக்கம் மூன்று சாக்கெட்டுகள்: வால்வுக்கு ஒன்றாக இரண்டு சிவப்பு, இரண்டுக்கும் பொதுவாக ஒரு கறுப்பு. பக்கத்தில், உள்ளே இருந்த திருகுக்குப் பதிலாக ஒரு குமிழ். மீட்டரின் முனைகளைச் சாக்கெட்டில் செருகி, முள் 0.35 வோல்ட்டில் நிற்கும்வரை குமிழைத் திருப்பினால் போதும். மூடியைத் தொடவே வேண்டாம். கூடவே பாய் தன் கிடங்கைக் குடைந்து ஒரு ஜோடி புது வால்வும் கொடுத்தார். “இதான் கடைசி ஜோடி. இதுக்கு மேல எங்கனா கெடச்சா எனக்கும் ஒண்ணு சொல்லுங்க” என்றார்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேலை செய்ய உறுதிமொழியில் தடையில்லை. இதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். தன் வாசகத்தில் இருந்த ஓட்டையை அவள் அப்போதுதான் கவனித்தாள். நான்கு ஞாயிறுகளில் வேலை முடிந்தது. துளைகளுக்கு இடையே ஒரே இடைவெளி இருக்க வேண்டும் என்று அளந்ததிலேயே ஒரு ஞாயிறு போயிற்று. செருகினேன். முள் 0.35இல் நின்றது. கோமுகி அணையைத் திறந்துவைத்தவருக்குக்கூட அவ்வளவு பெருமை இருந்திருக்காது.

பிறகு ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் மிக்ஸி முதல் குடை வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. அன்று ஆயுதங்களுக்கு ஓய்வு. மறுநாள் காலை எட்டரைக்கு, சுவரோரம் கைவிட்டுத் தடவியே மீட்டரைச் செருகினேன். முள் பாதி தூரம் ஏறி நின்றுவிட்டது. மற்ற சிவப்பிலும் அதே கதை. மோட்டார்கள் ஓடுகின்றன, வோல்டேஜ் கம்மி என்று முடிவுகட்ட எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. விஞ்ஞானத்தில் விளக்கம் முதலில் வந்துவிட்டால் பல சிரமங்கள் மிச்சம். முள் 0.35ஐத் தொடும்வரை குமிழைத் திருப்பினேன். பாட்டைப் போட்டேன். ஒலியில் இதுவரை இல்லாத ஒரு வெதுவெதுப்பு இருப்பதாகக் குறிப்பேட்டில் எழுதினேன்.

வெதுவெதுப்பு உண்மையானதுதான்.

“இன்னாங்க, இஸ்திரிப் பொட்டிய ஆஃப் பண்ணலயா? வாசன வருது” என்று கேட்டபடி மனைவி வந்தாள். பெட்டிக்கு முன் குனிந்து, மூடியில் இருந்த காற்றுத் துளைகள் வழியாகப் பார்த்தாள். “உள்ள ரெண்டும் அடுப்புத் தணலாட்டம் செவந்துகினு கீது. இதுவும் உங்க மீட்டருல காட்டுதா?”

பிளக்கைப் பிடுங்கினேன். மூடியைத் திறந்து வேலை பார்த்த காலத்தில் இந்தச் சிவப்பு முதல் நொடியிலேயே என் கண்ணில் பட்டிருக்கும். திறக்காமலே அழிக்கும் வசதியைத்தான் நான்கு ஞாயிறுகளில் செய்து முடித்திருந்தேன்.

ஆறியதும் பெட்டியை மடியில் வைத்து டவுன் பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்குப் போனேன். மனைவியும் கூடவே வந்தாள். உறுதிமொழித் தாளும் வந்தது. பாய் ஒரு தீக்குச்சியைக் கறுப்புச் சாக்கெட்டுக்குள் விட்டுச் சுரண்டினார். மஞ்சள் பொடி உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தார்.

“சந்தனம். ஈரம் முழுசா காயல. இதுங்குள்ள பூந்து வர்றதுக்குள்ள பாதி வோல்ட்டு இங்கயே நின்னுடுச்சி. மீட்டர் கம்மியா காட்ட காட்ட நீங்க ஏத்திக்கினே போயிருக்கீங்க. உள்ள ஓடுனது ரெண்டு பங்கு.” பிறகு மற்ற இரண்டையும் சுரண்டிவிட்டு, “மூணுலயும் கீது. பூஜை சுத்தமா நடந்திருக்குது சார்” என்றார்.

ஒரு வால்வு பிழைத்தது. மற்றது இரண்டு முறை மினுக்கிவிட்டு ஓய்ந்தது.

மனைவி தாளை மேசைமேல் விரித்தாள். “என் கவனக்குறைவால்னு எழுதியிருக்குது. படிங்க.”

“சந்தனக் கிண்ணத்த எடுத்துக்கினு சுத்துனது நீதான?” என்றேன்.

“நான் வெச்சது மிக்ஸி, கிரைண்டர், தையல் மிஷினு. உங்க சாமானுக்கு நீங்கதான் வெப்பீங்க, எந்த வருசமும்.”

குறிப்பேட்டைப் பிரித்தேன். அன்று பொட்டு வைக்கப்பட்ட இருபத்து மூன்று பொருள்களும் நேரத்தோடு பதிவாகியிருந்தன. பதினெட்டாவது ஆம்ப்ளிஃபையர், பத்து நாற்பதுக்கு. வைத்தது யார் என்று எதற்குமே குறிப்பு இல்லை. பாய் போனில் போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அதில் பெட்டியின் முன்பக்கம் அழகாகத் தெரிந்தது. பின்பக்கம் சுவரைப் பார்த்திருந்தது.

“மூணு பொட்டும் நட்ட நடுவுல, அளந்து வெச்சாப்ல இருந்திச்சே பாய்” என்றாள் மனைவி. “எங்க வூட்ல அளந்து வெக்கிறது யாருன்னு நீங்களே சொல்லுங்க.”

“நான் கையெழுத்துக்குத்தாம்மா சாட்சி. பொட்டுக்கு இல்ல” என்று பாய் அடுத்த வாடிக்கையாளரிடம் நகர்ந்துவிட்டார்.

பெட்டி இப்போது ஒற்றை வால்வோடு பரணில் இருக்கிறது. ஜோடி கிடைக்கவில்லை. பழைய இரும்புக்காரர் வியாழன்தோறும் எங்கள் தெருவில் கூவிக்கொண்டு போகிறார். அவர் கடந்து போகும்வரை மனைவி தாளைப் புரட்டுகிறாள், நான் குறிப்பேட்டைப் புரட்டுகிறேன். வைத்தது அவள் என்றால் பெட்டி இருக்கும். நான் என்றால் எடைக்குப் போகும். அந்த மூன்று துளைகளில் சந்தனம் வைத்த கை யாருடையது என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிப்படவில்லை.